சித்திக்கு ஏபிசிடி தெரியாது

எங்கள் ஆறாம் வகுப்புக்குச் சித்தியே இங்கிலீஷ் மிஸ்ஸாக வரப்போகிறாள் என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு திட்டக்குடியிலிருந்து விருத்தாசலம் வந்த புதுசு அவள். வேலை இன்னும் உறுதியாகவில்லை. ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பெரிய டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு.

முந்தின சாயங்காலம் சித்தி சீட்டுகளில் இங்கிலீஷ் வார்த்தைகளை எழுத எழுத, நான்தான் மடித்துக் கொடுத்தேன். மறுநாள் விளையாட்டு இதுதான்: பெஞ்சுக்கு ஒரு டிக்‌ஷனரி. சீட்டில் வந்த வார்த்தையை அதில் தேடி, அர்த்தம் பார்த்து, அந்தப் பொருளை வகுப்புக்குள்ளேயே கண்டுபிடித்து ஓடிப்போய்த் தொட வேண்டும். ஜெயித்தவருக்குப் பரிசு ஒரு பீங்கான் யானை. சித்தப்பா வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனிச் சூளையில் வேகும்போதே ஒரு காது போய்விட்டதால், அவர் வேலை முடிந்து வீட்டுக்கு எடுத்துவந்தது.

முதல் சீட்டு, ‘ஹிஞ்ச்’. மற்றவர்கள் அட்டையைத் திறப்பதற்குள் நான் கதவின் கீலைத் தொட்டுவிட்டேன். அடுத்தது ‘லிட்’. தண்ணீர்ப் பானையின் மூடி என் கையில். சித்திக்கு வேலை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பதாக எனக்கு நினைப்பு.

“இவ புக்கையே தொறக்கல மிஸ்!” என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். “வூட்டுலயே சொல்லிக் குடுத்துட்டாங்க!”

“யாரும் சொல்லிக் குடுக்கல. சீட்ட மடிச்சதே நாந்தான்” என்றேன், பெருமையாக.

வகுப்பே சிரித்தது. பெரிய டீச்சர் சிரிக்கவில்லை. சித்தியின் முகம் சுண்டிப்போயிற்று. மீதிச் சீட்டுகளை அள்ளி மேசைக்குள் போட்டாள்.

“சரி, இப்ப நீங்க வார்த்த சொல்லுங்க. நான் தேடுறேன்.”

நான் முந்திக்கொண்டு எறும்புக்கு இங்கிலீஷ் சொன்னேன். ‘ஆன்ட்’. ஆரம்பத்திலேயே இருக்கும், சட்டென்று எடுத்துவிடுவாள். அவளோ நட்டநடுவில் பிரித்தாள்.

“‘எம்’ வந்திருக்குது. இன்னும் பின்னால போகணுமோ?”

“அய்யோ மிஸ், முன்னாடி! முன்னாடி!”

“‘ஆப்பிள்’ வந்துடுச்சு. இன்னும் தள்ளணுமா?”

“இன்னும் முன்னாடி மிஸ்! ரெண்டாவது எழுத்தப் பாருங்க, ‘பி’க்கு முன்னாடிதான ‘என்’னு!” என்னை மாட்டிவிட்டவன் பெஞ்சின் மேலேயே ஏறி நின்றுவிட்டான். பிள்ளைகள் மேசையை மொய்த்துக்கொண்டு வழி சொன்னார்கள். பெரிய டீச்சர்கூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். ஒரு வழியாக எறும்பு அகப்பட்டது. யானை பெஞ்சில் ஏறியவனுக்குப் போனது. எனக்கு யானை போனதுகூடப் பெரிதில்லை, சித்தியின் மானம் போனதில்தான் அழுகை முட்டியது.

சித்தப்பா வேலையிலிருந்து வந்ததும் தனியாக இழுத்துப்போய்ச் சொன்னேன்: “சித்திக்கு ஏபிசிடி சரியாத் தெரியல சித்தப்பா. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. நானே கத்துக் குடுத்துடறேன்.”

அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறார் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை பெரிய டீச்சரே சித்தியைக் கூப்பிட்டு வேலை கொடுத்துவிட்டார். பெரிய டீச்சருக்கும் ஏபிசிடி தெரியாது என்பதை மட்டும் நான் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.