அம்மாவின் விரலுக்கு வராத கோடு

என் மாமாவை நம்பக்கூடாது என்று நான் சின்ன வயதிலேயே முடிவுசெய்துவிட்டேன். ரம்புத்தான் பழக் கொட்டையை விழுங்கினால் காது வழியாகச் செடி முளைக்கும் என்று சொல்லி, நாள்கணக்கில் என்னைக் கண்ணாடி முன்னால் நிற்கவைத்தவர் அவர். ஐஸ்கிரீம் டப்பாவில் கருவாட்டை வைத்து நீட்டியதும் அவரே. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, தான் தங்கியிருந்த ராசா என்ற ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, "பாப்பா, உனக்கு ஒரு கேம் செஞ்சிருக்கேன்லா" என்று அவர் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தபோது, நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மாமா அம்மாவின் தம்பி. சிரம்பானில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் லுக்குட் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அம்மா பால்மரம் வெட்டினார், கத்தியால் பட்டையைக் கீறிப் பால் இறக்கும் வேலை. மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டு முழுக்க எண்ணெய்ச் செம்பனை போடப்போகிறார்கள் என்று தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். செம்பனைக் காட்டில் உர மூட்டை தூக்க அம்மாவின் இடுப்பு இடம்கொடுக்காது. சிரம்பான் பக்கம் லோபாக்கில் ஒரு பெரிய கடையில் கல்லாவுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை வந்து வேலையைச் செய்துகாட்டவேண்டும். அந்தக் கல்லாவில் பொத்தானே கிடையாதாம், எல்லாம் திரையைத் தொட்டுத்தானாம். அதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டில் இருந்ததோ பொத்தான் வைத்த பழைய கைப்பேசி.

மாமாவின் மடிக்கணினியில் திரையையே தொடலாம். அவர் பைத்தன் என்ற கணினி மொழியில் எழுதியிருந்த விளையாட்டு ரொம்ப எளிது. மேலே ஒரு பந்து, கீழே ஒரு கூடை. நடுவில் நாம் விரலால் கோடு இழுத்தால், பந்து அதன்மேல் உருண்டுபோய்க் கூடையில் விழவேண்டும். நான் ஒரு கோடு இழுத்தேன், வந்தது. விரலை எடுத்து வேறிடத்தில் வைத்ததும், பழைய கோட்டின் நுனியிலிருந்து புதிய இடத்துக்குத் தானாகவே ஒரு கோடு பாய்ந்தது. நான் மாமாவை முறைத்தேன்.

"ஐயோ, விரல எடுத்தா பழைய கோடு முடிஞ்சிருச்சின்னு எழுத மறந்துட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு ஏதோ தட்டினார். சரியாகிவிட்டது. அப்போதே எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது: இந்தப் பெட்டி தானாக எதையும் செய்யாது, மாமா எழுதியதைத்தான் செய்யும்.

அப்பாவும் ஒரு கோடு இழுத்தார், வந்தது. அடுத்து அம்மா உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலை வைத்து இழுத்தார். இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டாகத்தான் கோடு வந்தது. பந்து நடுவில் விழுந்து காணாமல் போனது. அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தார், ஆனால் அது உதட்டோடு நின்றுவிட்டது. எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தார். இப்போது துண்டுகூட வரவில்லை.

"என்னால ஆகாதுடா தம்பி" என்றார். "நாளைக்கு நாலு பேரு முன்னால இப்படி நிக்கிறதுக்கு, நான் உர மூட்டையே தூக்கிக்கிறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் விரலுக்கு வருகிறது, அப்பாவுக்கு வருகிறது, அம்மாவுக்கு மட்டும் வராதா? அம்மாவின் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். வெட்டுக்கத்தி பிடித்துப் பிடித்து நுனியெல்லாம் காய்த்துப்போய், எப்போதும்போலத்தான் இருந்தது. எனக்குத் தெரிந்த அம்மா விரலே அதுதான். அதில் கோளாறு இருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

"மாமா, அம்மாவுக்கு வரக்கூடாதுன்னு நீங்கதான் எழுதி வெச்சிருக்கீங்க!"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தார். திருட்டு முழி முழித்தார்.

"ஆமாலா" என்றார். "சும்மா அக்காகிட்ட விளையாடலாம்னுதான். இந்தக் குட்டிப்பிசாசு கண்டுபிடிச்சிருச்சி."

அம்மா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "வேலைக்குப் போற நேரத்துல விளையாட்டாடா உனக்கு?" எனக்கு வந்த பெருமையைச் சொல்லி மாளாது.

மாமா வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்று காவல் காத்தேன். ஒரு எழுத்தும் புரியவில்லை, புரிந்த மாதிரி தலையாட்டினேன். பிறகு அவர் ஒரு புது விதியை அறிவித்தார். இனிமேல் ஆள்காட்டி விரலால் யாரும் ஆடக்கூடாது. சுண்டுவிரலை ஈரத்துணியில் தொட்டு, அதன் பக்கவாட்டால்தான் இழுக்கவேண்டும். இதில் என்ன சூதோ என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். "அதாம்லா கேமு" என்றார்.

அம்மா இழுத்தார். கோடு அறுபடாமல் வந்தது, பந்து கூடையில் விழுந்தது. சாயங்காலத்துக்குள் எங்கள் எல்லாரையும் தோற்கடித்துவிட்டார். மறுநாள் லோபாக்குக்குக் கிளம்பும்போது ஒரு துணியை நனைத்துப் பிழிந்து கைப்பையில் வைத்தார். எதற்கு என்று கேட்டேன். முகம் துடைக்க என்றார். வேலை கிடைத்தது.

மாமாவை மட்டும் நான் விடவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி, சொந்தக்காரர்கள் நிறைந்த வீட்டில், அக்காவையே ஏமாற்றப் பார்த்தவர் என்று அந்தக் கதையை எடுத்துவிடுவேன். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

இப்போது நானும் கம்ப்யூட்டர்தான் படிக்கிறேன். போன மாதம் பயிற்சிக்காக அதேபோல் கோடு இழுக்கும் விளையாட்டு ஒன்றை எழுதினேன். விரல் பட்டதும் திரை நமக்குச் சொல்வது இரண்டே எண்கள்: இடப்பக்கத்திலிருந்து எவ்வளவு தூரம், கீழிருந்து எவ்வளவு உயரம். யாருடைய விரல் என்று அதற்குத் தெரியாது. காய்த்துக் காய்ந்த தோலைத் திரை உணராமல் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். மாமா எதையும் எழுதியிருக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே அம்மாவைக் கூப்பிட்டேன். கடையில் சாப்பாட்டு நேரம்.

"அம்மா, அன்னைக்கு மாமா சொன்னது பொய்மா. அப்படியெல்லாம் எழுதவே முடியாது."

"தெரியும்லா" என்றார் அம்மா, வாயில் சோற்றோடு. "என் விரலு எனக்குத் தெரியாதா? கையக் கழுவிட்டு வந்தப்பவே தெரிஞ்சிருச்சி."

"அப்புறம் ஏன் அவர அடிச்சீங்க?"

"என் கையப் பாத்துட்டு நின்னான்ல, நான் அடிக்காம இருந்திருந்தா, அவன் அழுதிருப்பான்லா."