மூடிய அறையில் கரி அடுப்பு

நாகர்கோவிலிலிருந்து ஊழியத்துக்காக நானும் கணவரும் மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊருக்கு வந்த பிறகு வந்த முதல் ஈஸ்டர் அது. ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லாருக்கும் பிரியாணி. ஆலயத்துக்குப் பின்னால் கூடாரம் போட்டு, நானும் சபையைச் சேர்ந்த ஸ்டெல்லா அக்காவும் கரி அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தோம்.

திடீரென்று மழை கொட்டியது. ஆட்களைக் கூப்பிட்டு அடுப்பைப் பக்கத்துச் சாமான் அறைக்குள் தூக்கி வைத்தோம். சாரல் அடித்ததால் கதவையும் சன்னலையும் நான்தான் சாத்தினேன். கரி புகையாமல் கனன்றதால் எனக்குப் பயம் தோன்றவில்லை.

சற்று நேரத்தில் அக்கா, "தலை சுத்துது பாஸ்டரம்மா. இன்னும் பசியாறல லா, அதான் போல" என்றார்.

எனக்கும் தலை வலித்தது. "உக்காருங்கக்கா, தம் போட்டுட்டு சாப்பிடுவோம்" என்றேன்.

உட்கார்ந்தவர் அப்படியே சரிந்தார். தூக்கப் போனேன், கால்களில் பலமில்லை, குரலும் எழும்பவில்லை. தவழ்ந்துபோய்க் கதவைத் தள்ளி, வெளியே மழையில் விழுந்தேன். அதைப் பார்த்து ஓடிவந்த கணவர், அக்காவை இழுத்து வெளியே கொண்டுவந்தார்.

ஈப்போ மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். மாலையில்தான் அக்கா கண் திறந்தார்.

"கரியிலிருந்து வர்ற விஷக்காத்துக்கு வாடையே இருக்காது. கதவ சாத்துனா ஆளையே கொன்னுரும்" என்றார் டாக்டர்.

இப்போது மழை வந்தால் அடுப்பை அணைத்துவிடுகிறோம். விருந்து தாமதமானால் ஆகட்டும். சமையலில் யாராவது தலை சுற்றுகிறது என்றால், காரணம் கேட்பதற்கு முன் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போகிறேன்.