அமலா முதலில் கேட்டது

சிங்கப்பூர் தேக்கா சந்தையின் மேல்மாடியில் அமலா பிளவுஸ் தைக்கத் தொடங்கிப் பதினைந்து வருடம். கணவர் இறந்தபின் அந்த வருமானத்தில்தான் அவளும் மகள் வைஷாலியும் புக்கிட் மேராவில் காலம் தள்ளினார்கள். பதின்மூன்று வயதுப் பெண் எங்கும் சுற்றாமல் பள்ளி விட்டதும் நேரே வீடு வந்து கைப்பேசியோடு அறையில் இருந்துவிடுவாள். அது அமலாவுக்குப் பெரிய நிம்மதி. வருகிறவர்களிடம் பெருமையாகவும் சொல்வாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் வைஷாலி சீருடையோடு கடைக்கே வந்து நின்றாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

தைக்க வேண்டிய துணி இடுப்பளவு குவிந்து கிடந்தது. அமலா தலை நிமிரவில்லை. "தீபாவளி முடியட்டும்லா, செல்லம்."

பிள்ளை புத்தகப் பையை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு போய்விட்டாள்.

பத்து நாள் கழித்துப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. ஆலோசகர் நஸீஹா அமலாவை மகள் பக்கத்தில் உட்கார வைத்து, வைஷாலி தன்னிடம் வந்து சொன்னதை மெதுவாகச் சொன்னார். கைப்பேசி விளையாட்டில் பதினாறு வயதுப் பையன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் பழகியிருக்கிறான். ஆறு மாதம் அவள் மனக்குறையெல்லாம் பொறுமையாகக் கேட்டிருக்கிறான். அப்புறம் படம் கேட்டிருக்கிறான். ஒன்றை அனுப்பியதும் இன்னும் வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவுக்கே அனுப்பிவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறான். போலிசுக்குச் சொல்லியாகிவிட்டது.

அமலா மகளை வாரி அணைத்திருக்கலாம். வாயில் வந்தது வேறு.

"ஏன்டி அனுப்புன?"

வைஷாலி அழவில்லை. "பாத்தீங்களா மிஸ்? அம்மா என்னைத்தான் ப்ளேம் பண்ணுவாங்கன்னு அவன் சொன்னான். கரெக்டாதான் சொல்லியிருக்கான்."

"தப்பு அவன் மேலதான் வைஷாலி. உன் மேல இல்ல," என்றார் நஸீஹா.

தான் சொல்லியிருக்க வேண்டியதை யாரோ சொல்ல, அமலா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் பிடிபட்டான். வயது முப்பத்தேழு, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். சிறைக்குப் போனான். அமலா எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டாள். ஒவ்வொரு முறையும் "ஓகேம்மா" என்பாள் வைஷாலி, அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் வியாழன் மதியம் அமலா கடையை அடைத்துவிட்டு மகளை நஸீஹாவிடம் அழைத்துப் போகிறாள். சாத்திய கதவுக்கு வெளியே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். உள்ளே வைஷாலி நிறுத்தாமல் பேசுவது கேட்கும். என்ன பேசுகிறாள் என்று புரியாது. திரும்பும் பேருந்தில் அமலா ஜன்னல் பக்கத்து இருக்கையை மகளுக்கு விட்டுக்கொடுப்பாள். புக்கிட் மேரா வரும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.