சென்றியைக் கடந்த மஞ்சள் லொறி

என் மகளுக்கு இரண்டரை வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு ஒரு மஞ்சள் லொறி வந்தது. கனடாவில் இருக்கும் என் அண்ணா, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டது. வாகனங்களெல்லாம் மனிதரைப் போலக் கதைத்து, சண்டை பிடித்து, கடைசியில் ராசியாகிப் போகிற ஒரு கார்ட்டூன் படம் அங்கே சக்கைபோடு போட்டதாம். அதில் பழுதான வாகனங்களைக் கட்டி இழுக்கிற லொறி ஒன்று வரும். அதையே விளையாட்டுச் சாமானாகச் செய்து விற்றிருக்கிறார்கள். முன்கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பெரிய கண்கள், பம்பரில் பல் தெரிகிற சிரிப்பு, பின்னால் ஒரு கொளுக்கி. வயிற்றில் பற்றரியைப் போட்டுச் சுவிச்சைத் தட்டினால் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஓடும். சுவரில் முட்டினால் தானாகவே பின்னால் வந்து, திரும்பி, வேறு பக்கம் போகும்.

லொறியைப் பார்த்ததும் கிளிவெட்டியில் இருந்து வந்திருந்த என் மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, முகத்தைச் சுழித்தார்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு லொறி என்னத்துக்கு? உங்கட அண்ணர் ஒரு பொம்மையை வாங்கி அனுப்பியிருக்கலாமே."

"பொம்மை படுத்துக் கிடக்கும் மச்சாள். இது ஓடும்" என்றேன்.

அண்ணாவை யாராவது ஒரு சொல் சொன்னால் எனக்குப் பொறுக்காது. ஆனால் அன்றைக்கு என் வாயை விட என் மகள் நல்ல பதில் சொன்னாள். அவள் ஏற்கெனவே லொறியைக் குப்புறப் போட்டு, எந்தச் சில்லு சுற்றுகிறது, எது சும்மா இருக்கிறது என்று விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு ஆராய்ச்சி அதுவரை நடந்ததில்லை. என் கணவர் கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், வேலை பார்ப்பவர், படித்தவர். அவர்கூட மின்விசிறி நின்றுவிட்டால் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பவர்தான்.

படத்தின் டிவிடியும் கூடவே வந்திருந்தது. லிங்கநகரில் எங்கள் பக்கத்து வீட்டில்தான் அதைப் போட்டுப் பார்க்க வசதி. கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து எல்லோரும் போய் உட்காருவோம். கதை இங்கிலிஷில் ஓடும். எங்களுக்குப் பாதி விளங்காது, அவளுக்கோ எல்லாம் விளங்கும். "நீலக்கார் கோவம்", "லொறி பாவம்" என்று எங்களுக்குச் சொல்லித் தருவாள். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. பெற்றவள் என்றால் கொஞ்சம் பீற்றிக்கொள்ளத்தான் செய்வாள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் வராத ஒரு விளையாட்டையும் அவள் கண்டுபிடித்தாள். அது திருகோணமலைப் பிள்ளைகளுக்கு மட்டுமே வரக்கூடிய விளையாட்டு. அந்த நாட்களில் நாங்கள் எங்கே போனாலும் சென்றி, ஆமியின் சோதனைச் சாவடி. பஸ் நிற்கும், ஆமி ஏறி "பஹின்ன, பஹின்ன" என்று இறங்கச் சொல்லும். பையைத் திறந்து, ஐசி என்கிற அடையாள அட்டையைக் காட்டி, வரிசையில் நடந்து, அவர்கள் "ஹரி, யன்ன" என்று கையைக் காட்டினால் திரும்ப ஏறவேண்டும். ஹரி, யன்ன என்றால் சரி, போங்கள் என்று அர்த்தம். என் மகள் பிறந்ததில் இருந்து இதைத்தான் பார்த்தாள். வாகனம் என்று ஒன்று இருந்தால் அதை நிற்பாட்டி, குனிந்து பார்த்து, பிறகுதான் விடவேண்டும் என்பது அவளுக்குச் சோறு தின்கிற மாதிரி ஒரு வழக்கம்.

ஆகவே எங்கள் வீட்டில் ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு சென்றி வந்தது. லொறி வாசலுக்கு வந்ததும் பிடித்து நிறுத்துவாள். குப்புறக் கவிழ்ப்பாள். சில்லுகளுக்குள் விரலை விடுவாள். பிறகு கீழே வைத்து, கையை உயர்த்தி, அந்த ஆமிக்காரர்களின் அதே அலுத்த குரலில் "ஹரி, யன்ன" என்பாள். லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு அடுத்த அறைக்குள் போகும். எங்களுக்கும் அதே சட்டம்தான். நான் கையில் கறிச்சட்டியோடு குசினி வாசலில் நிற்க, "ஐசி?" என்று கேட்பாள். அகப்பையைக் காட்டினால் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு விடுவாள். அவளுடைய சென்றியில் ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. பார்க்க வந்தவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். என் கணவர் மட்டும் சிரிக்கமாட்டார்.

மச்சாளின் மகள் பெரியபிள்ளையானாள். சடங்குக்குக் கிளிவெட்டிக்குப் போகவேண்டும். லொறி இல்லாமல் மகள் பஸ் ஏறமாட்டாள். அங்கேதான் சிக்கல். அந்தக் காலத்தில் பற்றரியைச் சும்மா கொண்டுபோக ஏலாது. பற்றரியும் வயரும் ஒன்றாக இருக்கிற எதைக் கண்டாலும் குண்டு என்றுதான் முதலில் நினைப்பார்கள். சென்றிக்குப் போகுமுன் டோர்ச்சில் இருந்தும் ரேடியோவில் இருந்தும் பற்றரியைக் கழற்றித் தனியாகக் கையில் வைத்துக்கொள்வது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். லொறியில் இருந்தும் என் கணவர் அப்படித்தான் கழற்றுவார். அன்றைக்குப் பார்த்து மூடியின் திருகாணி அசையவில்லை.

"இஞ்சேரும், ஆணியின்ர தலை தேஞ்சு போச்சு. கழட்டேலாமல் கிடக்கு" என்றார்.

"அப்ப விட்டிட்டுப் போவமே?"

இதைக் கேட்டதும் மகள் லொறியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிலத்தில் படுத்துவிட்டாள்.

"பொறும், நான் ஒரு வழி பண்ணுறன்" என்றார் அவர்.

அவர் பண்ணிய வழி இதுதான். பஸ் குலுக்கலில் சுவிச் தானாக விழுந்து ஹோர்ன் அடித்தால் ஆமி பயந்துவிடும் என்று, வயர் சுற்றுகிற கறுப்பு டேப்பை எடுத்து லொறியை முழுக்கச் சுற்றினார். கண் மறைந்தது, சிரிப்பு மறைந்தது, ஹோர்ன் சத்தம் வருகிற ஓட்டையும் அடைபட்டது. எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார் என் மனுசன். கடைசியில் அது கறுப்புக் கட்டாக, கனமாக, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருந்தது. அதைத் துவாயில் பொதிந்து பையின் அடியில் வைத்தார். ஆமி பயப்படக்கூடாது என்று நினைத்து, ஆமி எதைக் கண்டால் பயப்படுமோ அதை அச்சொட்டாகச் செய்து வைத்திருந்தார். அந்தக் காலத்தில் இவ்வளவு கவனமாக இருந்தவர்களால்தான் இப்படி ஒரு பிழையைச் செய்ய முடியும்.

வழியில் இருந்த பெரிய சென்றியில் எல்லோரும் இறங்கினோம். பெண்களுக்குத் தனி வரிசை. நானும் மகளும் முதலில் முடிந்து மறுபக்கம் வந்துவிட்டோம். ஆண்கள் வரிசையில் என் கணவரின் முறை. பையைத் திறந்த ஆமிக்காரர் துவாயை விலக்கினார். அப்போதுதான், அவ்வளவு டேப்புக்குள்ளும், சுவிச் விழுந்தது. கறுப்புக் கட்டுக்குள் இருந்து உறுமல் ஒன்று கேட்டது. ஆமிக்காரர் கத்திக்கொண்டு பின்வாங்கினார். சனம் சிதறியது. இன்னொரு ஆமிக்காரர் பையை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் மண்மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடி வந்தார். இரண்டு பேர் என் கணவரின் கையைப் பின்னால் பிடித்துத் தனியாக நிறுத்தினார்கள்.

தனியாக நிறுத்தினால் என்ன ஆகும் என்று அந்த நாளில் யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அப்படி நிறுத்தப்பட்டு வீட்டுக்கு வராதவர்களை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும். சார்ஜன்ட் ஒருவர் "மேக்கே மொனவாத?", இதற்குள் என்ன இருக்கிறது, என்று கேட்டார். கச்சேரியில் நாள் முழுக்கச் சிங்களம் கதைக்கிற என் கணவருக்கு அந்த நேரம் ஒரு சொல் வரவில்லை. "பேபி, பேபி" என்று மட்டும் பையைக் காட்டிச் சொன்னார். பைக்குள் குழந்தை இருக்கிறது என்று நினைத்தார்களோ என்னவோ, இன்னும் பதறினார்கள்.

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் மகள் பையைப் பார்த்தாள். சடங்குக்கென்று போட்டிருந்த வழுக்குகிற பட்டுச் சட்டையோடு என் இடுப்பில் இருந்து நழுவிக் கீழே இறங்கினாள். நான் பிடிக்கும் முன், வரிசைகளுக்கு நடுவே கட்டியிருந்த கயிற்றுக்குக் கீழால் குனிந்து போய்விட்டாள். நான் கத்தினேன். ஆமிக்காரர்களும் கத்தினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பைக்குப் பக்கத்தில் குந்தி, கறுப்புக் கட்டை வெளியே இழுத்து, நகத்தால் டேப்பை உரிக்கத் தொடங்கினாள்.

"அப்பா மூடிப்போட்டார். லொறி பாவம்" என்றாள்.

முதலில் ஒரு கண் வெளியே வந்தது. பிறகு சிரிப்பு. பிறகு சில்லுகள். அவள் லொறியைக் குப்புறக் கவிழ்த்தாள். சில்லுக்குள் விரலை விட்டாள். ஒரு இடத்தையும் விடாமல் பார்த்தாள். கீழே வைத்தாள். கையை உயர்த்தினாள்.

"ஹரி, யன்ன."

லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு புறப்பட்டது. சென்றியின் குறுக்குத் தடிக்குக் கீழால் போய் சார்ஜன்டின் சப்பாத்தில் முட்டியது. பின்னால் வந்து, திரும்பவும் முட்டியது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காலை மெல்ல ஒதுக்கி வழி விட்டார். யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. வரிசையில் நின்ற சனமும் ஆமியும் சேர்ந்து சிரித்தார்கள். அந்த இடத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

சார்ஜன்ட் கத்தி முனையால் மூடியை நெம்பி, பற்றரிகளைத் தன் பொக்கற்றில் போட்டுக்கொண்டு, லொறியை மகளிடமே கொடுத்தார். என் கணவரின் ஐசியை இன்னொரு முறை பார்த்துவிட்டு அவரையும் விட்டார்கள்.

பஸ்ஸுக்குள் என் மகள் மகாராணி. கிண்ணியாவுக்கு யாவாரம் செய்யப் போய்வரும் ஒரு பெரியவர், "மாஷா அல்லாஹ், என்ன கெட்டிக்காரப் புள்ள!" என்று அவள் தலையைத் தடவினார். நாவூறு படும் என்று ஒரு அம்மா அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். மகளோ பற்றரி இல்லாத லொறியை யன்னல் கட்டையில் வைத்து, வாயாலேயே ஹோர்ன் அடித்து ஓட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"பாத்தீங்களே? நீங்களும் பயந்து, நானும் பயந்து, அங்க நிண்ட ஆமியும் பயந்திட்டுது. என்ர பிள்ளை பயப்படேல்லை" என்றேன் கணவரிடம்.

அவர் ஐசியைச் சட்டைப் பையில் வைத்து, எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்தார்.

"ஓம்" என்றார். "அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

அவர் சொன்னது சரி என்று அப்போதே தெரியும். ஆனாலும் என்னால் சும்மா இருக்க ஏலவில்லை. பின்சீட்டில் இருந்து எட்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியட்டும் என்று பிள்ளையைத் தூக்கி மடியில் நிற்கவைத்து, கிளிவெட்டி வரும்வரை பிடித்துக்கொண்டே போனேன்.