மணல் சட்டைக்காரர்

ஆண்டவன் மனிதர்களைப் படைத்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் மண் பற்றாக்குறை வந்திருக்க வேண்டும். ஈர்க்குச்சி அன்றைக்குச் செய்யப்பட்டவர். வயிறு நிறையச் சாப்பிட்டு, பூட்ஸ் மாட்டி, சாவிக்கொத்தோடு தராசில் ஏறினாலும் நாற்பத்து நான்கு கிலோவைத் தாண்ட மாட்டார். சம்பளப் பதிவேட்டில் அவருக்கு அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே ஒதுங்கி வழிவிடுவார்.

குடிதண்ணீர் சுத்தம் செய்யும் நிலையத்தில் அவருக்குப் புல் வெட்டும் வேலை. நிலையம் என்றால் ஆறு தொட்டி, ஒரு குளம், ஓர் அலுவலகம். மீதி எல்லாம் புல். பன்னிரண்டு வருஷமாகக் கையால் தள்ளும் மெஷினை வைத்துத்தான் வெட்டினார். அந்த முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் இந்த முனையில் புல் மறுபடி எழுந்து நின்று நலம் விசாரிக்கும். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. "இன்னும் ஒரு வருஷம் இப்படியே தள்ளினீங்கன்னா, அப்புறம் உங்களைத்தான் யாராவது தள்ளிக்கிட்டுப் போகணும்" என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு நல்ல முழங்கால், சிரிக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி வந்து இறங்கியது. ஸ்டீயரிங் கிடையாது. இரண்டு பக்கமும் இரண்டு நீளக் கைப்பிடி. இரண்டையும் தள்ளினால் முன்னால் போகும், இழுத்தால் பின்னால் வரும். ஒன்றைத் தள்ளி ஒன்றை இழுத்தால் நின்ற இடத்திலேயே பம்பரமாய்ச் சுற்றும். முதல் தடவை அதில் உட்கார்ந்தபோது ஈர்க்குச்சி கண்ணை மூடி ஆண்டவனுக்கு நன்றி சொன்னார். முழங்கால்களும் கூடவே சொல்லின.

பாதுகாப்புப் பயிற்சியை மேலாளரே நடத்தினார். அந்த வண்டியில் அவர் ஒரு நாளும் ஏறியதில்லை என்பதால் பயமில்லாமல் நடத்த முடிந்தது. மின்விசிறிக்குக் கீழே நாற்பது நிமிஷம், முப்பத்தோரு விதி. ஈரப் புல்லில் ஓட்டாதே. சரிவில் ஓட்டாதே. கல்லையும் கம்பியையும் முதலில் பொறுக்கு. தலைக்கு மேலே வளைந்து நிற்கும் இரும்பை மடக்காதே, பெல்ட் போடு. இறங்குமுன் பிளேடை நிறுத்து, கைப்பிடிகளை வெளிப்பக்கம் விலக்கு, பிரேக் போடு, எஞ்சினை நிறுத்திச் சாவியை எடு. எல்லாம் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருந்ததுதான். அடியில் மேலாளர் தன் கையெழுத்தைப் போட்டதும் அவர் எழுதியதாக ஆகிவிட்டது. மற்றவர்களிடமும் கையெழுத்து வாங்கி, அந்தத் தாளை அலமாரியில் வைத்துப் பூட்டினார். பாதுகாப்பு விதிகள் அல்லவா, பாதுகாப்பாக இருக்க வேண்டாமா?

வண்டியின் சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆள் எழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் பிளேடு அவரைத் தேடிக்கொண்டு போகக் கூடாது என்று யாரோ நல்ல மனசோடு யோசித்து வைத்தது. ஆனால் யோசித்தவர் ஈர்க்குச்சியைப் பார்த்ததில்லை. பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அதற்கும் அவருக்கும் நடுவே இன்னொரு ஆளை உட்கார வைக்கலாம். சின்ன மேடு வந்தால் போதும், மனிதர் சீட்டிலிருந்து ஒரு விரல்கடை எழும்புவார். ஆள் இறங்கிவிட்டார் என்று முடிவு செய்து வண்டி நின்றுவிடும். ஒரு சுற்றுக்குப் பதினொரு தடவை.

"இருக்கேன்பா, இங்கதான் இருக்கேன்" என்று வண்டியிடமே சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை.

கேட்டது லாரி டிரைவருக்கு. அவர் நூற்றிரண்டு கிலோ. அன்றைய மண் பற்றாக்குறைக்குக் காரணமே அவர்தானோ என்னவோ. "அண்ணே, வண்டி உங்களை ஒரு ஆளாவே மதிக்கலயே!" என்று லாரியில் இருந்தபடி கத்துவார்.

இதில் ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. எழுந்தால் தானாக நிற்கிற வண்டிக்குப் பிளேடை நிறுத்தும் குமிழ் எதற்கு, பிரேக் எதற்கு, சாவி எதற்கு? ஈர்க்குச்சி வெறுமனே எழுந்து இறங்க ஆரம்பித்தார்.

இரண்டு வாரத்தில் ஆய்வுக் குழு வருகிறது என்று கடிதம் வந்தது. மேலாளர் ஈர்க்குச்சியைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, குழு முன்னாடி வண்டி நின்னு நின்னு போனா எனக்கு எப்படி இருக்கும்?"

"சார், நான் என்ன சார் பண்றது, உடம்பு இவ்வளவுதான்."

"அப்ப உடம்பு இருக்கிறவன் ஓட்டட்டும். டிரைவரை ஏத்திடறேன். நீ பழையபடி தள்ளு."

ஈர்க்குச்சி முழங்காலைத் தடவிக்கொண்டார்.

நிலையத்தின் மெக்கானிக் அவருடைய மச்சினன்தான், மனைவியின் தம்பி. மறுநாள் அவன் வண்டிக்கு அடியிலிருந்து எண்ணெய் முகத்தோடு வெளியே வந்தான். "மச்சான், இனிமே நிக்காது. என்ன பண்ணேன்னு கேக்காதீங்க. ஓட்டுங்க."

ஈர்க்குச்சி கேட்கவில்லை. நல்லது நடக்கும்போது கேள்வி கேட்பது ஆண்டவனைச் சந்தேகப்படுவதாகும் என்று நினைத்தார். இரண்டு நாள் வண்டி ஓடியது பாருங்கள், மேட்டிலும் பள்ளத்திலும்! கோடு போட்ட மாதிரிப் புல் வரிசை. மேலாளர் ஜன்னலில் நின்று, தானே வெட்டியதுபோல் ரசித்தார்.

மூன்றாம் நாள் காலை, நாலாவது தொட்டிக்குப் பக்கத்தில், ஈரப் புல் சேர்ந்து, வெட்டிய புல்லை வெளியே தள்ளும் வாயை அடைத்துக்கொண்டது. ஈர்க்குச்சி வழக்கம்போல எழுந்து இறங்கினார். காதில் அடைப்பான், வண்டி நின்றிருக்கும் என்ற நம்பிக்கை காதைவிட அதிகமாக அடைத்திருந்தது. குனிந்து கையை நீட்டினார். தோளில் கிடந்த துண்டு நழுவி, கைக்கு ஒரு சாண் முன்னால் போய் வாய்க்குள் நுழைந்தது. போனது துண்டாக. வந்தது நூலாக.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பிளேடு சுற்றிக்கொண்டிருந்தது. மச்சினன் சீட் சுவிட்சின் வயர் இரண்டையும் சேர்த்து முறுக்கி வைத்திருந்தான். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டிக்கு இனிமேல் கவலையில்லை.

ஈர்க்குச்சி புல்லிலேயே உட்கார்ந்து விரல்களை எண்ணினார். பத்து வந்தது. நம்பிக்கையில்லாமல் மறுபடி எண்ணினார்.

அவர் மனைவி வீட்டின் முன் அறையில் தையல் மெஷின் வைத்துத் தைக்கிறவர். சாயங்காலம் பாதித் துண்டோடு வந்து நின்ற கணவரைப் பார்த்ததும் ஊசியை நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டதும் அவரும் ஒரு தடவை விரல்களை எண்ணினார். அப்புறம் தம்பிக்கு ஆள் அனுப்பினார்.

"ஏன்டா, எந்தக் கையால அந்த வயரைச் சேர்த்த?"

"அக்கா, மேலாளர்தான் சேர்க்கச் சொன்னாரு. இல்லைன்னா மச்சானுக்கு சீட் போயிடும்னு..."

"சீட் இருந்து கை போயிட்டா? மேலாளர் வந்து சோறு ஊட்டுவாரா? இல்ல, நீ ஊட்டுவியா?"

"விடும்மா" என்றார் ஈர்க்குச்சி. "அவன் என் நல்லதுக்குத்தான் செஞ்சான். குமிழை அமுக்காம இறங்கினது நான்தானே."

"உங்களுக்கும் இருக்கு, வரிசையில நில்லுங்க."

வயரைப் பிரித்துவிட வேண்டும் என்பதில் மூவருக்கும் ஒரே எண்ணம். ஆனால் பிரித்தால் வண்டி மறுபடி பதினொரு தடவை நிற்கும். சீட் டிரைவருக்குப் போகும். மச்சினன் மோவாயைச் சொறிந்தான். "ஒண்ணு பண்ணலாம். ஒரு மணல் மூட்டையை சீட்டோட சேர்த்துக் கட்டிடலாம். சீட் எழும்பவே எழும்பாது."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இவர் எழுந்தா மூட்டையும் கூட எழுந்துக்குமா?"

"மூட்டை எப்படிக்கா எழுந்துக்கும்?"

"அப்ப வயரைச் சேர்த்ததுக்கும் அதுக்கும் என்னடா வித்தியாசம்? அறிவாளி!" சொன்னவர் பேச்சை நிறுத்தினார். கணவரின் தோளைப் பார்த்தார். மார்பைப் பார்த்தார். கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக் கையில் எடுத்தார். "எழுந்துக்கணும். அதுதான் வேணும். நிமிர்ந்து நில்லுங்க."

பழைய கித்தான் திரையை வெட்டி, கை இல்லாத சட்டை ஒன்று தைத்தார். முன்னும் பின்னுமாக இருபத்து நாலு பை, ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ மணல். வடிகட்டும் தொட்டியிலிருந்து கழித்துப் போட்ட மணலை மச்சினன் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தான், பாவத்துக்குப் பரிகாரமாக. ஈர்க்குச்சி போட்டுப் பார்த்தார். ஐம்பத்தாறு கிலோ. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் நடந்தால் தரைக்குத் தெரிந்தது.

இடது மார்பில் சின்னதாக ஒரு பை காலியாக இருந்தது.

"இது எதுக்கும்மா?"

"சாவிக்கு. இந்தப் பை காலியா இருந்தா சாவி வண்டியில இருக்குன்னு அர்த்தம். சாவி வண்டியில இருந்தா நீங்களும் வண்டியிலதான் இருக்கணும். புரிஞ்சுதா?" பிறகு குரல் இறங்கியது. "இன்னொண்ணு. இவ்வளவு மணலைக் கட்டிக்கிட்டு அந்தக் குளத்துப் பக்கம் போகாதீங்க. வழுக்கினா நேரா அடியிலதான் போய் உக்காருவீங்க. சாமி மேல சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் செய்தார். சாமி பெயரைச் சொன்னபின் அவர் மீறியதாக வரலாறு இல்லை.

மச்சினன் வயரைப் பிரித்துப் பழையபடி மாட்டினான். வண்டி நிற்கவில்லை. மேட்டில் ஏறியது, பள்ளத்தில் இறங்கியது, நிற்கவில்லை. அவர் வேண்டுமென்றே எழுந்து பார்த்தபோது மட்டும் சட்டென்று நின்றது. இதையெல்லாம் யாரும் மேலாளரிடம் சொல்லவில்லை. முறுக்கிய வயரின் மகிமை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நினைப்பில் சந்தோஷமாக இருக்கிறவரை எதற்குக் கலைக்க வேண்டும்?

குழு வந்த நாள். அலமாரியிலிருந்து முப்பத்தோரு விதிக்கும் விடுதலை கிடைத்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு வண்டிக் கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். குழுவில் மூன்று பேர். தலைவி மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். அவர்கள் அலுவலகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கொட்டகை வாசலில் புல் வெட்டிக்கொண்டிருந்த ஈர்க்குச்சியிடம் மேலாளர் ஓடிவந்தார்.

"குளக்கரையில மட்டும் புல் தாடி மாதிரி நிக்குது! ஓடிப்போய் வெட்டிடு. பத்து நிமிஷம்."

"சார், அது சரிவு சார். ராத்திரி மழை வேற பேஞ்சிருக்கு. கீழே தண்ணி."

"தெரியும், குளத்துல தண்ணிதான் இருக்கும். முடியுமா முடியாதா? முடியாதுன்னா இறங்கு, டிரைவர் ஏறட்டும்."

ஈர்க்குச்சி பக்கத்தில் லாரியோடு நின்ற டிரைவரைப் பார்த்தார். நூற்றிரண்டு கிலோவோடு அந்தச் சரிவில் வண்டி எப்படி இறங்கும் என்று டிரைவரும் மனசுக்குள் பார்த்திருக்க வேண்டும். அவசரமாக லாரி டயரில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

"முழங்கால்" என்றது ஒரு பக்கம். "சத்தியம்" என்றது மறுபக்கம்.

ஈர்க்குச்சி பிளேடு குமிழை அமுக்கினார். கைப்பிடிகளை வெளிப்பக்கம் விலக்கினார். பிரேக்கை இழுத்தார். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துச் சின்னப் பையில் போட்டார். பிளேடு சத்தம் அடங்கும்வரை உட்கார்ந்திருந்தார். அப்புறம் இறங்கிச் சுவரிடம் போனார்.

"என்னப்பா பண்றே?"

"ஒரு விஷயம் சரியா ஞாபகம் இல்ல சார். பார்த்துக்கறேன்."

அவர் படிப்பு ஐந்தாம் வகுப்பு. கண்ணாடி மேல் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, சத்தம் போட்டுத்தான் படிக்க வரும். "பதி...னாலு. தண்ணீர் ஓரத்...தில் இருந்து இரண்டு வண்டி அகலத்...துக்குள் ஓட்டக் கூடாது. பதினைந்து. ஈரமான சரி...வில் எந்தக் கார...ணம் கொண்டும்..."

"ஓட்டக் கூடாது" என்று முடித்தது வேறொரு குரல். வாசலில் அந்த அம்மாள் டீக் கோப்பையோடு நின்றிருந்தார். "நல்லா எழுதியிருக்கே. யார் எழுதினது?"

மேலாளரின் முகம் ஒரு விநாடியில் நாலு நிறம் மாறி, ஐந்தாவதாக வந்த பெருமையில் நின்றது. "நான்தான் மேடம்."

"அதனாலதான் குளக்கரையை வெட்டாம விட்டிருக்கீங்களா?"

"ஆமா மேடம். பாதுகாப்பு எல்லை. வேணும்னே விட்டது. இப்பக்கூட அதைத்தான் இவருக்கு ஞாபகப்படுத்திட்டிருந்தேன்."

ஈர்க்குச்சி பணிவாகத் தலையை ஆட்டினார். ஞாபகப்படுத்தியது உண்மைதானே.

அம்மாள் அவர் அருகில் வந்து சட்டையைத் தொட்டுப் பார்த்தார். "இது என்ன?"

மேலாளருக்கு அது என்னவென்று தெரியாது. தெரியாததற்காக அவர் என்றைக்குத்தான் பேசாமல் இருந்திருக்கிறார்? "பாதுகாப்பு உடுப்பு மேடம்."

"ஓ. எல்லாருக்கும் கொடுத்திருக்கீங்களா?"

"தைச்சிட்டிருக்காங்க மேடம். அடுத்த வாரத்துக்குள்ள எல்லாருக்கும்."

சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். குழுவின் குறிப்பேட்டில் ஏறிவிட்டதே, காப்பாற்றாமல் என்ன செய்வார்? பதினேழு பேருக்கு மணல் சட்டை தைத்துக் கொடுத்தது ஈர்க்குச்சியின் மனைவி. மச்சினன் ஒரு வாரம் மணல் கழுவினான். எதற்கு மணல் என்று மேலாளர் இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை; கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே. அவருடைய சட்டை அவர் நாற்காலி முதுகில் தொங்குகிறது. நாற்காலி மட்டும் மிகவும் பாதுகாப்பாக இருக்கிறது.

டிரைவர் இப்போது நூற்றுப் பதினாலு கிலோ. லாரிப் படியில் ஏறும்போதே மூச்சு வாங்குகிறது. "அண்ணே, உங்களுக்கு சரி. எனக்கு எதுக்குண்ணே மணல்?" என்று தினமும் கேட்கிறார்.

"விதி அப்படி இருக்கு தம்பி" என்கிறார் ஈர்க்குச்சி. "சட்டம் போட்டு மாட்டியிருக்காங்களே, வேணும்னா எழுத்துக் கூட்டிப் பாரு."

சொல்லிவிட்டுப் பெல்ட்டை மாட்டிக் கைப்பிடிகளைத் தள்ளுகிறார். நாலாவது தொட்டிக்குப் பக்கத்து மேட்டில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்குகிறது. எஞ்சின் நிற்கவில்லை.

"இருக்கேன்பா" என்று பழக்கதோஷத்தில் சொல்லிக்கொள்கிறார்.