ஒரு கரண்டி மாவு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதனாலென்ன? எழுபதுகளில் சாந்தோமில் என் பேக்கரி அடுப்பைப் போல இன்னொரு அடுப்பு கிடையாது. கிறிஸ்துமஸ் வாரத்தில் மந்தைவெளியிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் ரிக்ஷாவில் கேக் மாவு வந்து இறங்கும். கலக்குவது அவரவர் வீட்டில், வேகவைத்துக் கொடுப்பது நான். என்னிடம் ஒரு தட்டாவது கருகியது என்று யாராவது சொல்லட்டும், பார்ப்போம்.

ஆண்டவர் எனக்குக் கொடுத்தது கொஞ்சமில்லை. விடிந்தால் ரொட்டி மணம், கடற்காற்று, அசராமல் உழைக்க இரண்டு கை. இவ்வளவு வாங்கிக்கொண்டு சும்மா இருக்கலாமா? அதற்காக ஒரு வழக்கம் ஏற்படுத்தினேன். மாவு கொண்டுவரும் வீட்டார் அதில் ஒரு கரண்டியை என் பெரிய தட்டில் ஊற்றிவிட்டுப் போக வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரே கேக், இல்லாதவர்களுக்கு. சாமியார் பூசையிலேயே பாராட்டினார். யோசனை யாருடையது என்று சொல்ல மறந்துவிட்டார். பரவாயில்லை, நானே எல்லோரிடமும் சொன்னேன்.

ஒரு டீச்சரம்மா மட்டும் கரண்டியும் கையுமாக யோசிப்பார்.

"முந்திரி, திராட்சைன்னு பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கேன். மத்தவங்க ரவை மாவோட கலந்தா ருசி என்ன ஆகும்?"

"சாப்பிடறவங்களுக்கு நாக்கு இல்லியா டீச்சர்? முந்திரியா பாத்து ஊத்துங்க."

சிரித்துக்கொண்டே ஊற்றுவார்.

ஒரு வருஷம் புயலில் நொச்சிக்குப்பத்துப் படகுகள் பல உடைந்தன. அந்தக் குப்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் பெண்ணின் புருஷன், கடலோடு போய்விட்டான் என்று எல்லோரும் நம்பிக்கை இழந்த பிறகு, கோவளம் பக்கம் கரையேறி உயிரோடு வந்து சேர்ந்தான். அந்த வருஷத்துக் கேக் குப்பத்துப் பிள்ளைகளுக்குத்தான் என்று நானும் டீச்சரம்மாவும் பேசி வைத்திருந்தோம்.

பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம். பெரிய தட்டை அடுப்புக்குள் தள்ளப் போகிறேன், அந்த மீன்காரப் பெண் ஓடி வந்தாள். கையில் ஒரு டம்ளர் மாவு, வெல்லம் போட்டுக் கலக்கியது.

"நில்லு நைனா. இத்தயும் ஊத்திக்க."

"இன்னாம்மா இது?"

"இல்லாதவங்களுக்குன்னு எல்லார் வூட்டுலயும் வாங்கறியாமே. என் வூட்டுக்காரு திரும்பி வந்துட்டாரு. நான் ஒண்ணும் குடுக்காம மாதா மூஞ்சில எப்டி முழிக்கறது?"

பக்கத்தில் நின்ற டீச்சரம்மா, "அது உங்களுக்குத்தானே..." என்று ஆரம்பித்தார். நான் முறைத்த முறைப்பில் மீதியை விழுங்கிவிட்டார்.

"ஊத்தும்மா," என்றேன்.

விரலால் வழித்து வழித்து ஊற்றினாள். "யாருக்குப் போவுது இது?"

"நீயே சொல்லேன்," என்றேன்.

"கோயில் வாசல்ல மழையில நனஞ்சிக்கினு குந்திக்கினு கீறாங்களே, அவங்களுக்கு வை. எங்களுக்கு இன்னா? கூரை கீது. ஆம்பள வந்துட்டாரு."

அப்படியே ஆயிற்று. குப்பத்துப் பிள்ளைகளுக்கு அன்று சாயங்காலமே கூடை கூடையாக இனிப்பு பன் சுட்டு அனுப்பிவிட்டேன். அதெல்லாம் எனக்கு ஒரு வேலையா?

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அவளே கேக்கை வெட்டிக் கொடுத்தாள். புருஷன் தட்டைப் பிடித்துக்கொண்டான். மீன் விற்கிற அதே குரல்: "தள்ளாத, பெருசு! அல்லாருக்கும் கீது."

கிழவர் ஒருவர் வாயில் கேக்கோடு கேட்டார், "யாரு வூட்டுது தாயி?"

"சுட்டது இந்த நைனா," என்றாள் அவள். "மாவு நாங்கல்லாம் போட்டது."