இடப்பக்கம் என் பொறுப்பு

பள்ளிக்கூட வேனில் கதவு பிடிக்கிற வேலைக்கு வருகிறவர்கள் பிள்ளைகளைச் சமாளிக்கத் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறார்கள்; பிள்ளைகள் ஒரு பிரச்சினையே இல்லை, டிரைவரைச் சமாளிக்கத் தெரிய வேண்டும். காலையில் ஒரு கையில் டிபன் பெட்டியும் மறு கையில் அழுகிற பிள்ளையுமாக வேன் ஏறுகிற அக்கா தங்கச்சிமாரே, நான் சொல்லப்போவது உங்களுக்கும் நடந்திருக்கும். நடக்கவில்லை என்றால் உங்கள் டிரைவருக்குக் காது கேட்கிறது என்று அர்த்தம். கொடுத்து வைத்தவர்கள்.

எங்கள் வேன் பெரகலவுக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில் புறப்பட்டு பண்டாரவளைப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. வேன் ஹாஜா நானாவுடையது. பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருக்கிறார். ஓட்டுவது செல்வம் அண்ணன், முன்பு தோட்டத்து லொறி ஓட்டியவர். சின்னப் பிள்ளைகள் ஏறுகிற வேனில் ஒரு பொம்பளை ஆள் வேண்டும் என்று தாய்மார் கேட்டதால் என்னைப் போட்டார்கள். நான் வேலையில் இருக்கும்வரை என் மகள் ஜெனிக்கு வேனில் இடம் உண்டு. காலையில் எங்கள் லயத்து வரிசை வீடுகள் பக்கம் பஸ் வராது. நான் இறங்கினால் அவளும் இறங்க வேண்டியதுதான், டவுன் பள்ளிக்கூடமும் அத்தோடு முடிந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

எதற்கு என்று சொன்னாயா?

முதல் நாளே செல்வம் அண்ணன் வேனைப் பாகம் பிரித்துவிட்டார். ஸ்டியரிங் இருக்கிற வலப்பக்கம் முழுக்க அவருடையது. கதவு, ரோட்டோரத் தண்ணீர் ஓடுகிற கான், பிள்ளைகள், மாடு, நாய் எல்லாம் இருக்கிற இடப்பக்கம் என் பொறுப்பு. பின்பக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. வினை அங்கேதான் இருந்தது.

மேல் லயத்தில் வேனைத் திருப்ப இடம் கிடையாது, ரிவர்ஸ்தான் எடுக்க வேண்டும். நான் இறங்கி நின்று, "வாங்க, வாங்க" என்றேன். வந்தார். "நில்லுங்க" என்றேன். அதற்கும் வந்தார். தண்ணீர் வருகிற பீலிக்குப் பக்கத்தில் நிறைத்து வைத்திருந்த நீல பிளாஸ்டிக் பீப்பா சரிந்து, லயத்து வாசல் முழுக்க வெள்ளம். பீப்பாக்காரி மாரியம்மா அக்கா துடைப்பத்தோடு வந்துவிட்டார். நில்லுங்க என்று நான் கத்தியது தேயிலை மலையில் நின்ற ஆட்களுக்கெல்லாம் கேட்டிருந்தது. செல்வம் அண்ணன் நிதானமாக இறங்கி, பீப்பாவைப் பார்த்து, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நில்லுன்னு சொன்னே, சரி. எதுக்குன்னு சொன்னியா?"

நடுவில் ஒரு தபால்காரி

அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வேனில் தினமும் போய் வந்துகொண்டு பேசாமல் இருப்பது லேசான வேலையில்லை. புருஷன் பெண்டாட்டி என்றாலாவது ஆளுக்கொரு பக்கம் போய்விடலாம். அதனால் நடு சீட்டில் இருக்கிற ஜெனியைத் தபாலுக்கு வைத்துக்கொண்டோம். அவளுக்கு ஐந்து வயது. "பின் சில்லுல காத்து கம்மியா இருக்குன்னு அங்கிள்கிட்ட சொல்லு" என்பேன். அவள் முன்னால் சாய்ந்து அவர் காதில் ஏதோ சொல்வாள். அவர் தலையாட்டுவார். திரும்ப வந்து, அம்மா கட்டிக்கொடுத்த ரொட்டி நல்லா இருந்ததாம், அங்கிள் சொல்லச் சொன்னார் என்பாள்.

எனக்கு மனசு இளகிவிட்டது. அவர் முகமும் தெளிந்துவிட்டது. ஒருநாள் காலையில் அவரே சிரித்தபடி, பரவாயில்லை தங்கச்சி, நீ மன்னிப்புக் கேட்டதே போதும் என்றார். நான் எங்கே கேட்டேன், நீங்கள்தானே ரொட்டியைப் புகழ்ந்து சமாதானத்துக்கு வந்தீர்கள் என்றேன். நான் எந்த ரொட்டியைத் தின்றேன் என்றார் அவர். இந்த வழக்கு முடிவதற்குள் ஹப்புத்தளை ஏற்றத்தில் பின் சில்லு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. பிள்ளைகளெல்லாம் ரோட்டோரம் வரிசையாக நிற்க, நாங்கள் இரண்டு பேரும் ஜெனியைப் பார்த்தோம். அவள் விரலை வாயிலிருந்து எடுத்துச் சொன்னாள்:

"சண்டை முடியட்டும், சில்லு விஷயத்தை அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

மூன்று வருஷமாக மீன்

பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப்போனதால் ஒரு தாய் நானாவிடம் முறையிட்டுவிட்டார். நானா என்னைக் கடைக்குக் கூப்பிட்டு, மேசையில் துணி மடித்துக்கொண்டே பேசினார். இன்னொரு தரம் இப்படி நடந்தால் இரண்டு பேரில் ஒருத்தரை மாற்றிவிடுவாராம். "லைசன்ஸ் அவர்கிட்ட இருக்கு புள்ள. யாரை மாத்துவேன்னு நீங்களே யோசிச்சுக்கங்க" என்றார். நான் வீட்டுக்குப் போகும்வரை வேறு எதையும் யோசிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை வேன் எல்லவுக்குச் சுற்றுலா ஹயர் போனது. வந்தவர்கள் கொழும்புக்காரர்கள், இரண்டு குடும்பம். கைப்பிள்ளைகள் இருந்ததால் நானா என்னையும் அனுப்பினார். ஆண்கள் இரண்டு பேரும் பிளேன் ஓட்டுகிறவர்களாம். மூத்தவர் கேப்டன்; இளையவர் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிற உதவி விமானி. கேப்டன் முன் சீட்டில் ஏறினார். ஏறியதிலிருந்து, கியரை மாற்றுங்கள், பிரேக்கை மிதிக்காதீர்கள், வளைவில் ஹோர்ன் அடியுங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். செல்வம் அண்ணனுடைய கழுத்து சிவந்துகொண்டே போனது. எனக்கு அன்றைக்குப் பாதை ரொம்ப அழகாக இருந்தது.

எல்லவில் தேத்தண்ணி குடிக்கும்போது செல்வம் அண்ணன் மெல்லக் கேட்டார், பிளேனில் யார் சொல்வதை யார் கேட்பது என்று. கேப்டன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: தரையிறங்கும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதற்கு என்று கேட்கக் கூடாது, உடனே பிளேனை மேலே தூக்கிவிட வேண்டும், காரணத்தைப் பிறகு ஆறுதலாகக் கேட்டுக்கொள்ளலாம். நான் செல்வம் அண்ணனைப் பார்த்தேன். அவர் தேத்தண்ணியைப் பார்த்தார்.

அப்படியானால் உங்களுக்குள் சண்டையே வராதா என்று இளையவரிடம் கேட்டேன். வானத்தில் வராது, சாப்பாட்டில் வரும் என்றார். ஒரே சாப்பாட்டில் இரண்டு பேருக்கும் வயிறு கெட்டுவிடக் கூடாது என்று ஆளுக்கொரு சாப்பாடு வைப்பார்களாம், முதலில் எடுப்பவர் கேப்டனாம். இளையவர் தன் கேப்டன் கோழிப் பெட்டிஸ் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அவருக்குக் கோழிதாங்க பிடிக்கும். மூணு வருஷமா எனக்கு மீன்."

கறுப்புக் கண்ணாடி

இதில் நல்லது கெட்டது இரண்டும் இருந்தன. செல்வம் அண்ணன் முதலில் கெட்டதைப் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்தார். பிள்ளைகள் அவரை இனி கேப்டன் என்று கூப்பிட வேண்டுமாம். இரண்டு பேரும் ஒரே சாப்பாடு சாப்பிடக் கூடாது என்று என் தேங்காய் ரொட்டியையும் கட்டச் சம்பலையும் எடுத்துக்கொண்டு, தன் கிரேக்கர் பிஸ்கட்டை என்னிடம் நீட்டினார். எல்லவில் நான் பரிதாபப்பட்ட அந்த உதவி விமானி நானேதான் என்று அப்போது விளங்கியது.

பிறகு பின்பக்கம் திரும்பி, பிள்ளைகளே, எல்லாரும் சாய்ந்து உட்காருங்கள், வெளியே ஒரே இருட்டாக இருக்கிறது, பண்டாரவளை வரக் கொஞ்சம் சுணங்கும் என்று அறிவித்தார். எட்டாம் வகுப்புப் படிக்கிற பாத்திமா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"கண்ணாடியைக் கழட்டுங்க கேப்டன், விடிஞ்சு நேரமாச்சு."

பெரட்டுக்கு வந்த வேன்

யாரை மாற்றுவது என்று முடிவெடுக்க நானா ஒருநாள் தானே வேனில் வந்தார். எங்கள் மாதா கோயில் சுரூபத்துக்கு முதல் நாள் மாலையே மெழுகுதிரி ஏற்றிவிட்டேன். ஆனால் விடிந்ததும் பனி இறங்கிவிட்டது. எங்கள் பக்கத்துப் பனியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், கையை நீட்டினால் வளையல் தெரியாது. இப்படியான நாளில் நான் மஞ்சள் குடையை விரித்துக்கொண்டு வேனுக்கு முன்னால் நடப்பேன், குடையைப் பார்த்துக்கொண்டு செல்வம் அண்ணன் மெதுவாக வருவார். அன்றைக்கும் இறங்கினேன். கதவைச் சாத்தும்போது ஜெனியைப் பார்த்தேன். தன் இடத்தில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்குக் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் இடப்பக்கத்துக் கான் ஒன்றுதான். அதையே பிடித்துக்கொண்டு நடந்தேன். வேன் பின்னால் வந்தது. வேனுடைய பின் லைட்டைப் பார்த்துக்கொண்டு தோட்டத்து லொறி வந்தது. லொறிக்குப் பின்னால் பாட்டுப் போட்டுக்கொண்டு, பேக்கரிப் பாண் விற்கிற ஆட்டோவும் வந்தது. போகப் போக ரோடு அகலமானது. மெயின் ரோட்டுக்கு இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டோமே என்று சந்தோஷப்பட்டேன். அப்போது பனிக்குள்ளேயிருந்து ஒரு குரல், "சரஸ்வதி!" என்றது. வேனுக்குள் இருந்த நாலாம் வகுப்புச் சரஸ்வதி பழக்க தோஷத்தில், "பிரசன்ட்!" என்றாள்.

பெரட்டுக் களத்துக்கு வந்திருந்தோம். காலையில் கங்காணி பேர் கூப்பிட்டு ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்புகிற இடம். சந்தியில் ரோடு நேரே போக, கான் இடப்பக்கம் வளைந்து இங்கே வருகிறது. கானைப் பிடித்து வந்த நான் எல்லாரையும் இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். கூடையும் இடுப்பில் படங்குச் சாக்கும் கட்டிக்கொண்டு நின்ற பெண்கள் வேனையும் லொறியையும் பார்த்துவிட்டு, பாண் ஆட்டோவைச் சூழ்ந்துகொண்டார்கள். கங்காணி வேன் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். புத்தகப் பையோடு கொழுந்து எடுக்க வந்த முதல் ஆள் நீதான் என்று சரஸ்வதியிடம் சொன்னார்.

நானா இறங்கினார். வேலை போய்விட்டது, ஜெனியின் சீட்டும் போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் அவர் என்னைத் தாண்டி டிரைவர் பக்கம் போனார்.

"செல்வம், நீங்க இந்தத் தோட்டத்துலயே பொறந்த ஆளு. பாதை தப்புன்னு தெரியலையா?"

"சந்தியில வளையும்போதே தெரியும் நானா."

"அப்ப ஏன் ஹோர்ன் அடிச்சு நிப்பாட்டல?"

செல்வம் அண்ணன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்குன்னு கேக்கக் கூடாதுன்னு பிளேன்காரரே சொல்லிட்டாரு. இடப்பக்கம் இவ பொறுப்பு. இன்னைக்குத்தான் மொத தடவையா ஒண்ணும் கேக்காம இவ சொல்படி வந்தேன். இப்ப நீங்க என்னைக் கேக்கிறீங்க."

நானா பாண் ஆட்டோவில் மீன் வைத்த மாலு பாண் ஒன்று வாங்கி, நின்ற இடத்திலேயே தின்று முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். என்னையும் ஏறச் சொல்லிக் கையசைத்தார். நான் ஜெனி பக்கத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்:

"ஒருத்தரை மாத்தத்தான் வந்தேன். மாத்தினா, மிச்சம் இருக்கிற ஆளை எவன் தாங்குவான்?"

ஆக, வலப்பக்கம் அவரும் இடப்பக்கம் நானும் இன்றைக்கும் பொறுப்பாகத்தான் இருக்கிறோம், யார் பொறுப்பிலும் இல்லாத நடுரோட்டில்தான் வேன் தினமும் பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.